வெள்ளி ஏற்கப்படும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: யூட்டா மாநில எல்லைக்குள் இன்று தொடங்கித் தலைமுறை தலைமுறைக்கும் தங்கமும் வெள்ளியும் பணமாகும்; வணிகர் எவரும் அவற்றை விலையாகப் பெறலாம், விலையாகக் கொடுக்கலாம்; காகிதத்தின் கொடுங்கோன்மை ஒழிந்தது; மானுடம் மீண்டும் நிமிர்ந்து நடக்கும்.

கடைசி இரண்டும் சட்டத்தில் இல்லை. தொகுதி முழுக்க வீடுவீடாக அனுப்பிய தாளில், தன் படத்துக்குக் கீழே, சட்டமன்ற உறுப்பினர் டெல்வின் ஹக்ஸ்டெட் சேர்த்துக்கொண்டவை. அதற்குப் பதிலாகச் சட்டத்தில் இருந்த ஒரு வரியை விட்டுவிட்டார். வெள்ளியை வாங்கிக்கொள் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்த வரி. நிமிர்ந்து நடக்கிற மானுடத்துக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பார்.

ஜூனிப்பர் பெண்ட் ஊரில் அந்தத் தாள் வந்த வாரமே பலகைகள் ஏறிவிட்டன. டயர் கடையில், முடி திருத்தும் கடையில், தீவனக் கடையில், 'தங்கம், வெள்ளி ஏற்கப்படும்.' சவப்பெட்டி விற்கிறவரும் ஒன்று மாட்டினார். அவருடைய வாடிக்கையாளர்கள் கையில் எதையும் கொண்டுபோவதில்லை என்பதால் அவருக்கு மற்றவர்களைவிட நம்பிக்கை அதிகம். நெட்ரா மிக்கெல்சன் தன் சாப்பாட்டுக் கடைக் கதவில் மாட்டியது தன் கையாலேயே எழுதியது. அதில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்பதும் சேர்ந்தே இருந்தது. பலகை ஒன்றுதான் கைவசம் இருந்தது.

இரண்டு மாதம் போனது. ஊரில் ஒருவர்கூட ஒரு கடையிலும் வெள்ளி கொடுக்கவில்லை.

வெள்ளி இல்லாமல் இல்லை. அந்த ஊரில் எந்த வீட்டு நிலவறையில் இறங்கினாலும், கெட்ட காலத்துக்குச் சேர்த்து வை என்று சபை சொன்னபடி, ஓராண்டுக்கான கோதுமை வாளிவாளியாக இருக்கும், பால் பவுடர் இருக்கும், கண்ணாடிக் குடுவைகளில் பீச் பழம் வரிசை கட்டி நிற்கும்; எல்லாவற்றுக்கும் பின்னால், துப்பாக்கித் தோட்டா வைக்கிற தகரப் பெட்டிக்குள், 1965-க்கு முந்தைய காசு இருக்கும். அதுவரை பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் அரசாங்கம் அசல் வெள்ளி போட்டது. பிறகு செம்பை வைத்து மேலே பூசத் தொடங்கியது. அதை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. வெள்ளிதான் பணம் என்று ஐம்பது வருஷமாகத் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகும் முன்பும் பேசினார்கள். அன்று அது ஆசை. இன்று சட்டம். ஆனால் தன் வெள்ளியைத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒருவர் கணக்கிலும் இல்லை. அடுத்தவன் கொண்டுவந்து தருவான், நாம் வாங்கி உள்ளே வைக்கலாம் என்று மொத்த ஊரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குகிறவன் யார்?

இவர்களைக் கேலி செய்வது சுலபம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வசந்தத்தில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கிக் கீழ்த்தெருவை அள்ளிக்கொண்டு போனபோது, இதே நிலவறைகள்தான் திறந்தன. கோதுமை வாளிகள் கைமாறின, பீச் குடுவைகள் கைமாறின, திருப்பிக் கொடு என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. சும்மா கேட்டால் எதையும் கொடுத்துவிடுவார்கள். விலைக்குக் கேட்டால்தான் கை வராது.

நெட்ராவால் சும்மா கேட்க முடியாது. அதுதான் அவள் கோளாறு.

விஷயம் இதுதான். ஜூலை இருபத்துநான்கு, முன்னோர்கள் வண்டி கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள். அன்று காலை ஊர்வலத்துக்கு முன்னால் மொத்த ஊருக்கும் பட்டை ரோல் கொடுப்பது நெட்ராவின் கடை. சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் சுருட்டி வைத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சுடுகிற ரோல். கடை திறந்த வருஷத்திலிருந்து அந்த வேலை அவளுடையது. வருஷத்தில் பாதி நாள் கடை தாக்குப்பிடிப்பதே அந்த ஒரு நாளால். திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஓவன் செத்தது. பழுது பார்க்க வந்தவன் உள்ளே தலையை விட்டான், வெளியே எடுத்தான், தொப்பியைக் கழற்றினான். துக்க வீட்டில் செய்வது போல. நகரத்துப் பெரிய அங்காடி ஒன்று, தாங்களே ரோல் அனுப்புகிறோம் என்று ஊர் மன்றத்துக்கு ஏற்கெனவே எழுதியிருந்தது. இந்த ஆண்டு அது உள்ளே வந்தால் அடுத்த ஆண்டு வெளியே போகாது. நெட்ராவுக்கு அது தெரியும், மன்றத்துக்கும் தெரியும். திங்கட்கிழமைக்குள் சொல்லு என்று கெடு வைத்திருந்தார்கள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் பழைய உணவகச் சாமான்கள் விற்கும் டுவேன் ஓக்ஸனிடம் நல்ல ஓவன் ஒன்று இருந்தது. வாங்க டாலர் இல்லை. அவள் கணவன் வெர்ல் வான்கோழிப் பண்ணையில் சம்பாதித்ததில் மிச்சம் பிடித்ததெல்லாம் வெள்ளியாகி நிலவறையில் இருந்தது. நாணய வியாபாரியிடம் விற்று டாலராக்கலாம்தான். வெர்ல் அதற்குச் செத்தாலும் சம்மதிக்க மாட்டான். வெள்ளியைக் காகிதத்துக்கு விற்பது அவனைப் பொறுத்தவரை பெண்ணைக் கொடுத்துப் பொம்மை வாங்குவது.

இதில் ஒரு வாக்கு இருந்தது. முதல் காசு மூட்டையை அவன் வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, பிள்ளைகளுக்குக் குளிர்கால பூட்ஸ் வாங்க வைத்திருந்த பணத்தையும் சேர்த்துத்தான் தூக்கி வந்தான். நெட்ரா கேட்டாள். சட்டம் வரட்டும், வந்த அன்றைக்கு நீ கேட்டதுக்கு எடுத்துச் செலவு செய்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவள் மூன்று பர்னர் எரியாத அடுப்பில் சமைத்தாள், ஜன்னல் இறங்காத காரை ஓட்டினாள், முணுமுணுக்கவில்லை. சட்டம் வந்தது. ஓவன் செத்த அன்று மாலை அவனிடம் சொன்னாள். வெர்ல் வெகுநேரம் யோசித்துவிட்டு, விலை ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது எடுப்பது புத்திசாலித்தனமா என்றான். அவள் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

இந்த நிலையில்தான் ஹக்ஸ்டெட் வருகை தந்தார். இரண்டு மாதமாகத் தன் சட்டத்தை யாரும் தொடவில்லை என்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆகவே தொகுதியின் முதல் வெள்ளி விற்பனையைத் தானே நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்து, அதற்கு நெட்ராவின் கடையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவளுக்காக அல்ல, அவள் கடை ஜன்னலில்தான் படம் எடுக்க வெளிச்சம் நன்றாக விழும். உதவியாளப் பெண் பிரின்லி முந்தின நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். கடையில் ஓவன் இல்லாததால் நெட்ரா அன்று விடியலில் வீட்டு அடுப்பில் ஆறு ஆறாகச் சுட்டுக் காரில் ஏற்றி வந்திருந்தாள்.

உறுப்பினர் நின்றுகொண்டு பேசினார். அரசியல் சாசனத்தைத் தொட்டார், ரோமாபுரியின் வீழ்ச்சியைத் தொட்டார், நடுவில் தன் தாத்தாவின் செம்மறியாடுகளையும் தொட்டார். ரோல் ஆறியது. ஒரு நாடு தன் காசை நம்பாவிட்டால் தன் சொல்லையும் நம்பாது என்றார். அது உண்மையிலேயே நல்ல வாக்கியம். அந்த ஒன்றோடு உட்கார்ந்திருக்கலாம். கவுன்ட்டரின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெர்லின் கண்கள் ஈரமாகிவிட்டன. முப்பது வருஷமாகத் தான் முடி திருத்தும் கடையில் சொன்னால் சிரிக்கிறவர்கள், இன்று கோட்டுப் போட்டவர் சொல்லும்போது தலையாட்டுகிறார்கள்.

பிறகு உறுப்பினர் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, நெட்ராவின் உள்ளங்கையில் வைத்தார். மாவட்டப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். இன்னொரு முறை வையுங்கள் என்றார், வைத்தார். கழுத்தைக் கொஞ்சம் திருப்புங்கள் என்றார், நெட்ரா திருப்பவில்லை.

அவள் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லின் பெட்டியை அவள் எத்தனையோ முறை நகர்த்திப் பெருக்கியிருக்கிறாள். ஒரு காசைக்கூடத் தனியாகக் கையில் எடுத்ததில்லை, கோபத்தில். இப்போதுதான் கனம் தெரிந்தது. அளவுக்கு மேல் கனமில்லை, ஆனால் கையில் ஒன்று இருக்கிறது என்று கை ஒத்துக்கொள்கிற கனம். விளிம்பு சுத்தமாக இருந்தது. எந்த அரசாங்கம் போனாலும் எந்த வங்கி மூடினாலும் இது இந்த எடைதான் இருக்கும். இந்தக் கிறுக்கர்கள் எதைப் பார்த்து மயங்கினார்கள் என்று அவளுக்கு முதல் தடவையாகப் புரிந்தது. புரிந்ததும் எரிச்சல் கொஞ்சம் கூடவே வந்தது.

போனில் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்தாள். ஒரு ரோல், ஒரு சூடான சாக்லேட் போக மீதியை டாலராக எண்ணிக் கவுன்ட்டரில் வைத்தாள். கல்லாவில் இருந்த நோட்டெல்லாம் போய்விட்டது. காசை உள்ளே போட்டு இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

ஹக்ஸ்டெட் புன்னகையைக் கலைக்காமல் பிரின்லியைப் பார்த்தார். பிரின்லி குனிந்து நெட்ராவிடம் மெதுவாக, படம் முடிந்தது, காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சார் கார்டு தருவார் என்றாள்.

"எதுக்கு?" என்றாள் நெட்ரா. அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

பத்திரிகைக்காரர் மூடிய கேமராவைத் திறந்தார்.

"இல்ல சிஸ்டர் மிக்கெல்சன்," என்றார் ஹக்ஸ்டெட் சபை முறையில், "அது ஒரு அடையாளத்துக்குத்தான். என் ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறேன். முதல் காசு இல்லையா, சரித்திரம்."

"சரித்திரம் ரோலைத் தின்னுடுச்சே பிரதர்."

"கார்டு குடுக்கிறேன்னு சொல்றேனே."

"நீங்க காசுதான் குடுத்தீங்க. அது காசுன்னு சட்டம் போட்டதும் நீங்கதான். காசுன்னா குடுத்தா குடுத்ததுதான். திரும்பக் கேட்டா அதுக்குப் பேரு பொம்மை."

உறுப்பினர், இந்த நாணயத்தின் சந்தை மதிப்பு வேறு, உணர்வு மதிப்பு வேறு என்று விளக்கத் தொடங்கினார். நடுவில் தனக்கே அது எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது, நிறுத்தினார். மீதிப் பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எண்ணிப் பார்த்துத்தான் போட்டார். பிரின்லி திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியதை வைத்து அவள் அழவில்லை என்று சொல்லலாம். காலியான பிளாஸ்டிக் உறையோடு உறுப்பினர் காருக்குப் போனார்.

கடையில் இருந்தவர்கள் மெல்லக் கலைந்தார்கள். வெர்ல் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"இந்த ஆள நம்பியா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காசு, நெட். ஒரு காச விட மனசு வரல பாரு."

நெட்ரா கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவரு கையில இருந்து எடுத்து என் கையிலயாவது வெச்சாரு."

வெர்ல் தன் சாக்லேட்டைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனான்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது நிலவறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளிகளை நகர்த்துகிற சத்தம். பிறகு சத்தம் நின்றது. பிறகு காசுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும் சத்தம், நடுநடுவே நீண்ட இடைவெளி. அவள் இறங்கிப் போகவில்லை. உருளைக்கிழங்கைச் சீவினாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. ஒரு மனிதன் தன் கடவுளோடு பேசும்போது உருளைக்கிழங்கு காத்திருக்கலாம் என்பது அவள் கொள்கை.

தொப்பியில் ஒட்டடையோடு மேலே வந்தான். தகரப் பெட்டியை மேசை மேல் வைத்தான்.

"தேஞ்சதா பாத்து எடுத்தேன்," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வாக்கு என்று ஒன்றைக் கொடுத்து, அதை மறக்கவும் தெரியாமல், காப்பாற்றவும் மனசு வராமல், கடைசியில் காப்பாற்றியே தீர்வது என்று முழங்கால் வலியோடு அத்தனை வாளியை நகர்த்திய ஆளை என்ன செய்வது? தட்டில் கிழங்கை வைத்தாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட.

மறுநாள் டுவேனின் கடை வாசலிலும் பலகை இருந்தது, 'தங்கம், வெள்ளி ஏற்கப்படும்.' அவருடையது அச்சடித்தது, ஓரத்தில் கழுகு. டுவேன் ஓவனின் பெருமையைப் பாடி முடித்து, கார்டா, காசோலையா என்று கேட்டார். வெர்ல் பெட்டியைத் திறந்தான்.

டுவேன் கதவைப் பார்த்தார். யாராவது விளையாடுகிறார்களா என்று பார்த்திருக்கலாம்.

"நிஜமாவே குடுக்கப் போறீங்களா?"

"போர்டு மாட்டியிருக்கீங்களே," என்றான் வெர்ல்.

"போர்டு எல்லாரும் மாட்டினாங்கன்னு நானும் மாட்டினேன். குடுப்பாங்கன்னு யாரு நினைச்சா?"

ஆனாலும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மீன் எடை போடும் தராசு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்து துடைத்தார், ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை துடைத்தார். அப்புறம் பேரம் தொடங்கியது. அது அந்தக் கடை பார்த்திராத பேரம். இருவரும் வெள்ளிக் கட்சிக்காரர்கள். வெள்ளி அடுத்த ஆண்டு மும்மடங்காகும் என்று டுவேன் ஞாயிறுதோறும் சொல்கிறவர். இப்போது விற்கிறவராக நின்று, சொல்ல முடியாதுங்க, விழவும் விழலாம், உருக்குகிறவன் கழிவு பிடிப்பான் என்று இழுத்தார். டாலர் விரைவில் குப்பை என்று சொல்கிற வெர்ல், இன்றைய டாலர் விலை சென்ட் குறையாமல் வேண்டும் என்றான். இருவரும் தங்கள் வாழ்நாள் நம்பிக்கைக்கு எதிராக அரை மணி நேரம் அருமையாக வாதாடினார்கள்.

நெட்ரா பையிலிருந்து ஹக்ஸ்டெட்டின் நாணயத்தை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"முதல்ல என்னோடது. அதுக்கு மேல அவரு போடட்டும். போன்ல என்ன விலை காட்டுதோ அதுதான் விலை. ரெண்டு பேரும் அடுத்த வருஷத்தைப் பத்தி அடுத்த வருஷம் பேசுங்க."

வெர்ல் அந்த நாணயத்தையே பார்த்தான். இவள் அதை வைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்திருந்தான். வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமையும் இருந்தது. பிறகு பெட்டியைச் சரித்தான். காசுகள் இறங்கின. டுவேன் முள்ளைப் பார்த்து, சங்கடத்தோடு, தேய்ந்த காசு போலிருக்கிறது, எண்ணிக்கைக்கு எடை கொஞ்சம் குறைகிறது என்றார்.

வெர்லின் காது சிவந்தது. சட்டைப் பையில் கை விட்டான். இரண்டு வெள்ளி அரை டாலர்கள், கண்ணாடி போலப் பளபளத்தவை, பெட்டியில் போடாமல் கடைசி நேரத்தில் ஒதுக்கிக்கொண்டவை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தராசில் வைத்தான். கையை உடனே எடுத்துவிட்டான், நின்றால் திரும்பி வந்துவிடும் என்று பயந்தவன் போல.

முள் சரியாக நின்றது.

காருக்குப் பின்னால் கோத்திருந்த இழுவை வண்டியில் ஓவனை ஏற்றும்போது டுவேன் உதவிக்கு ஆள் கூப்பிடாமல் தானே தோள் கொடுத்தார். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளிக்குப் பொருள் வாங்கின முதல் ஆள் நீங்கள்தான் என்று வெர்லிடம் சொன்னார். ஹக்ஸ்டெட் வாங்கினாரே என்றான் வெர்ல், நியாயத்துக்காக. அவர் திருப்பிக் கேட்டாராமே, அது கணக்கில்லை என்றார் டுவேன். செய்தி மலையைத் தாண்டியிருந்தது. வெர்ல் திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் இறங்காத காரில் உட்கார்ந்து சீட்டியடித்தான். வாழ்நாளெல்லாம் சேர்த்ததை ஒருநாள் செலவழித்துப் பார்த்தால்தான் அது பணம் என்று தெரிகிறது. அதுவரை அது வெறும் கனம். இதை ஹக்ஸ்டெட் சொல்லியிருந்தால் ரோமாபுரியையும் சேர்த்திருப்பார்; வெர்ல் சீட்டியோடு நிறுத்திக்கொண்டான்.

நெட்ரா திங்கட்கிழமை காலை ஊர் மன்றத்துக்குப் போன் செய்து, ரோல் நான்தான் தருகிறேன், அங்காடிக்காரனுக்கு நன்றி சொல்லிவிடுங்கள் என்றாள்.

இருபத்துநான்காம் தேதி விடியலில் கடையின் எல்லா ஜன்னல்களிலும் பட்டை வாசனை. வரிசை தீவனக் கடை வரைக்கும் நீண்டது. வெர்ல் ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டுகளைத் தூக்கி வந்தான்; ஓவனை யாராவது பாராட்டினால் அது எப்படி வாங்கப்பட்டது என்று கேட்காமலே சொன்னான். கேட்டவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், சிலர் இரண்டு கையாலும். டயர் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுதான் நம் ஊர், வெர்ல், இதற்குத்தான் காத்திருந்தோம் என்றார். மேளம் முழங்க ஊர்வலம் வந்தது. திறந்த காரில் நின்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசிக்கொண்டு வந்த ஹக்ஸ்டெட், கடைக்கு எதிரே காரை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியை வாங்கி, சட்டப் புத்தகத்தில் தூங்கிய வெள்ளி இதோ இந்தத் தெருவில் நடமாடுகிறது, சிஸ்டர் மிக்கெல்சனின் கடையைப் பாருங்கள் என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று ரோல் வாங்கிய எல்லாரும் கார்டு கொடுத்தார்கள்.